நாற்பது நிமிடத்தில் மங்கும் ஹெட்லேம்ப்: வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கேள்வி: இரவில் காட்டுப்பாதைகளில் நடப்பவன் நான். புதிதாக, தலையில் கட்டும் ஒரு ரீசார்ஜபிள் ஹெட்லேம்ப் வாங்கினேன். பெட்டியில் 10,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு), 8 மணி நேரம், வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது. முதல் நடையிலேயே 40 நிமிடத்தில் வெளிச்சம் மங்கிவிட்டது. விற்றவரிடம் கேட்டால், “முதல் மூன்று தடவை 12 மணி நேரம் சார்ஜ் போடுங்கள், சரியாகிவிடும்” என்கிறார். திருப்பிக் கொடுக்க இன்னும் 5 நாள் இருக்கிறது. கருவிகள் எதுவும் இல்லாமல் இது தாங்குமா தாங்காதா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். இன்றிரவே தொடங்குங்கள். முதல் வேலையாக அந்த 12 மணி நேர யோசனையை மறந்துவிடுங்கள். அது நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். உங்கள் விளக்கில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. முதல் சார்ஜில் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் அதன் திறன், பழக்கப்படுத்தி ஏற்ற முடியாது. மூன்று தடவை அப்படிச் சார்ஜ் போட்டு இறக்குவதற்குள் உங்கள் 5 நாளும் போய்விடும். இந்த யோசனையைச் சொல்கிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும் என்பது என் எண்ணம். இதே பதிலைக் கேட்டு நாள் கடத்திவிட்டு, பிறகு விளக்கை என்னிடம் கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, பெட்டியில் உள்ள கணக்கைப் பாருங்கள். ஹெட்லேம்ப்களில் பெரும்பாலும் வருவது 18650 என்ற உருளை செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவில் கிடைக்கும் நல்ல செல்லே ஏறக்குறைய 3,500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) தான் கொள்ளும். அதில் சேமிக்க முடிவது 12 வாட்-மணி சொச்சம். ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,200 லூமென் ஒரு மணி நேரம் எரியும், அல்லது 150 லூமென் 8 மணி நேரம் எரியும். 10,000 லூமென் 8 மணி நேரம் எரிய வேண்டுமானால் அறுபதுக்கும் மேற்பட்ட செல்கள் வேண்டும். பேட்டரி மட்டுமே 3 கிலோ! அதை யார் தலையில் கட்டிக்கொண்டு நடப்பார்கள்? உங்கள் பெட்டியில் இருப்பது மிகைப்படுத்தல்கூட இல்லை, பொய்.

இதைத் தடுக்க வழியே இல்லையா என்றால், தரநிலை ஒன்று இருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் வந்த எஃப்எல்1. விளக்கைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் லூமெனை அளக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் எத்தனை மணி நேரம் எரியும் என்பதற்கு அது வைத்திருக்கும் கணக்கு எனக்குப் பிடிக்காத ஒன்று. தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை போகிற நேரம் முழுவதும் அதில் சேரும். 1,000 லூமென், 8 மணி நேரம் என்று நேர்மையான நிறுவனமே போட்டாலும், எட்டாவது மணியில் உங்கள் காலடியில் விழுவது 100 லூமென் ஆக இருக்கலாம். போதாததற்கு, இந்தத் தரநிலையைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். சின்னத்தை அட்டையில் அச்சடிப்பவரிடம் சோதனை அறிக்கை எங்கே என்று கேட்பாரில்லை. ஒரே விளக்கு நாலு பெயரில், நாலு லூமென் கணக்கில் வருகிறது. பல ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இனி சோதனை. விளக்கை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். வெளி வெளிச்சம் துளியும் புகாத ஒரு சின்ன அறை வேண்டும், கூரை வெள்ளையாக இருந்தால் நல்லது. விளக்கைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வையுங்கள். விளக்கின் நேர் ஒளி படாத இடத்தில் கைபேசியை வைத்து, வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். சோதனை முடியும் வரை இரண்டையும் நகர்த்தக் கூடாது. கைபேசி காட்டும் எண் துல்லியமாக இருக்காது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது முதல் எண்ணில் எத்தனை பங்கு மிச்சம் என்பது மட்டும்தான். விளக்கை உச்ச வெளிச்சத்தில் போட்டு, 30 நொடி கழித்து முதல் எண்ணைக் குறியுங்கள். முதல் அரை மணிக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள், பலர் நல்ல விளக்கைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். உச்ச வெளிச்சத்தில் வைத்தால் நல்ல விளக்கும் சில நிமிடங்களில் மங்கும். அது கோளாறு இல்லை. எல்இடி சூடாகிவிடாமல் இருக்க விளக்கு தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. நடக்கும்போது காற்று பட்டுச் சூடு ஆறும். மூடிய அறையில் ஆறாது, அதனால் இன்னும் சீக்கிரமே குறையும். இது சூட்டால் வந்ததா, பேட்டரியால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? விளக்கை அணைத்து, தொட்டால் குளிர்ந்திருக்கும் வரை விட்டு, மறுபடி போடுங்கள். முதல் தடவை போலவே பழைய வெளிச்சம் வந்து சில நிமிடம் நின்றால், சூடுதான் காரணம். போட்டதும் பளிச்சென்று எரிந்து அரை நிமிடத்தில் சரிந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. ஓய்வு கொடுத்தால் தளர்ந்த செல்லும் கொஞ்ச நேரம் துள்ளும், அதை நம்பி ஏமாற வேண்டாம். சந்தேகம் தீரவில்லையா? மறுநாள் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடைப்பட்ட நடு வெளிச்சத்தில் விளக்கை வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். அதில் சூட்டுக்கு வேலையில்லை. நல்ல விளக்கு அந்த நிலையில் நெடுநேரம் ஒரே சீராக எரிந்துவிட்டுக் கடைசியில்தான் இறங்கும். தொடக்கத்திலிருந்தே படிப்படியாகச் சரிந்தால், பேட்டரியின் அழுத்தம் குறையக் குறைய வெளிச்சத்தைத் தாங்கிப் பிடிக்கும் சுற்று உள்ளே இல்லை என்று பொருள். சூட்டால் வரும் மங்கல் பெரும்பாலும் முதல் 5, 10 நிமிடத்திலேயே வந்துவிடும். உங்களுக்கு 40 நிமிடம் கழித்து வந்திருப்பதால் நான் பேட்டரியைத்தான் சந்தேகிக்கிறேன்.

அது எப்படி அணைகிறது என்பதையும் பாருங்கள். தீரும் முன் சிமிட்டியோ, தாழ்ந்த வெளிச்சத்துக்கு இறங்கியோ எச்சரிக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று இருட்டாகும் விளக்கை மலைப்பாதைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சார்ஜ் ஏறும்போது அருகிலேயே இருங்கள். கை வைக்க முடியாத அளவு சூடானால் உடனே பிடுங்கிவிடுங்கள். டைப்-சி துளை இருந்தும், இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறவில்லை என்றால், உள்ளே இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைக்கூட வைக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். வேறு எங்கெல்லாம் கை வைத்திருப்பார்களோ! செல்லைக் கழற்ற முடிந்தால் எடை போடுங்கள். நல்ல 18650 செல் பெரும்பாலும் 45 கிராமுக்குக் குறையாது. 9,900 எம்ஏஎச் என்று உறை போட்டு 30 கிராம் மட்டுமே இருப்பதை, இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

உறுதியைச் சோதிக்க விளக்கை எரியவிட்டு, முன்னால் உள்ள விளக்கையும் பின்னால் உள்ள பேட்டரியையும் இணைக்கும் ஒயரை மெல்ல வளையுங்கள். சிமிட்டினால் ஒயர் விரைவில் அறுந்துவிடும். தலையில் கட்டிக் குதித்துப் பாருங்கள், விளக்கு தானாகக் குனியக் கூடாது. 1 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போட்டுப் பார்ப்பதும் எஃப்எல்1 சோதனைதான். ஆனால் கீறல் விழுந்தால் திருப்பி வாங்க மறுப்பார்கள், அதனால் வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகே செய்யுங்கள்.

தண்ணீர்ச் சோதனையும் அப்படித்தான். வாட்டர்ப்ரூஃப் என்ற வெறும் வார்த்தைக்கு மதிப்பில்லை, எவ்வளவு நீரைத் தாங்கும் என்று சொல்லும் ஐபிஎக்ஸ் எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். எண்ணே இல்லை என்றால் மழையில்கூட நம்பாதீர்கள். பேட்டரி அறைக்குள் ஒரு துண்டு டிஷ்யூ தாளை வைத்து, சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூடி, அந்த எண்ணுக்கு ஏற்றபடி நனையுங்கள். விளக்கு ஆறியிருக்க வேண்டும். சூடான விளக்கைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். தாள் ஈரமானாலோ, மறுநாள் கண்ணாடிக்குள் ஆவி படிந்தாலோ நீர் புகுந்திருக்கிறது. நன்றாகக் காயும் வரை சார்ஜ் போடக் கூடாது.

நடு வெளிச்சச் சோதனையிலும் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்குக் கீழே இறங்கினால், குறித்த எண்களையும் பெட்டியின் படத்தையும் விற்றவருக்கு எழுத்தில் அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். “வேறு பேட்டரி தருகிறேன்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த பேட்டரியைச் சோதிக்க உங்களுக்கு இன்னொரு 5 நாள் கிடைக்கப்போவதில்லை.