செல்பேசியில் மக்களே படம் எடுத்துப் போட்டால் ஊருக்கு ஏதாவது நடக்குமா?

நடக்கும். ஆனால் எடுப்பது பாதி வேலைகூட இல்லை. எடுத்ததை யாரை உட்காரவைத்துக் காட்டுகிறோம் என்பதில்தான் மீதி இருக்கிறது.

கூவம் கரையிலிருந்து சென்னையின் தெற்கு எல்லைக்குப் பெயர்க்கப்பட்டவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், பெண்களுக்குச் சில மாதங்கள் வீடியோ எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். (இடத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.) முதல் படத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது லிஃப்ட். அது ஓடாததால் எல்லா மாடிக்கும் தண்ணீர்க் குடம் படியேறித்தான் போகவேண்டும். ஆறாவது மாடி ஆயா ஒருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கும் காட்சியைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தேன். பார்ப்பவர் கலங்கிவிடுவார் என்று எனக்குள் பெருமை வேறு.

போட்டுக் காட்டியதும் ஆயாவுக்குக் கோபம். "நான் மூச்சு வாங்குவதை எதற்குக் காட்டுகிறாய், கண்ணு? லிஃப்ட் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறானே, அதைக் காட்டு. அதில் தேதி போட்டிருக்கிறது."

'பழுது பார்க்கப்படுகிறது' என்ற அந்த நோட்டீஸின் தேதிக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. படம் அதிலிருந்தே தொடங்கியது.

1967-இல் கனடாவின் ஃபோகோ தீவிலும் இப்படித்தான் செய்தார்கள். அந்த மீனவர்களையும் வேறு ஊருக்குப் பெயர்க்கும் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம். அங்கே காலின் லோ என்ற கனடிய இயக்குநர் எடுத்த சிறு படங்களை, அவற்றில் பேசியவர்களுக்கே முதலில் காட்டினார்கள். பிறகு அரசுக்குக் காட்டி, அமைச்சரின் பதிலையும் படம்பிடித்துத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். தீவினர் பெயரவில்லை, கூட்டுறவுச் சங்கம் வைத்துப் படகு கட்டினார்கள். நம் பக்கத்துப் படங்கள் பெரும்பாலும் விழாக்களுக்குப் போய்ச் சான்றிதழோடு நின்றுவிடுகின்றன.

வானொலி இல்லையா என்று கேட்பீர்கள். சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சிறு வானொலிக்குச் சமுதாய வானொலி என்று பெயர்; அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 முதல் ஒன்று இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. ஓடாத லிஃப்ட் செய்தியா, நிகழ்ச்சியா என்று யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் படத்தைக் கீழ்த்தளச் சுவரில் வேட்டி கட்டித் திரையிட்டோம். பொறியாளர் ஒருவரை வற்புறுத்தி வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தோம். படம் முடிந்ததும் அதே பெண்கள் செல்பேசியை அவர் பக்கம் திருப்பினார்கள். அவர் ஒரு தேதி சொன்னார். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து லிஃப்ட் ஓடியது.

இப்போதும் அவ்வப்போது நிற்கிறது. நின்ற அன்றே, அவர் தேதி சொல்லும் அந்த இருபது நொடிக் காட்சி அவருடைய வாட்ஸ்அப்புக்கு மறுபடி போய்விடுகிறது.