சதர்ன் ராக் கேள்வி பதில்: யார், எப்போ, எந்த ஆல்பத்தில்?

கேள்வி: அமெரிக்கத் தென் மாநிலங்களின் ராக் இசையான சதர்ன் ராக்கில் பேர்போன லினர்ட் ஸ்கினர்ட் குழுவில் மூணு கிட்டார் எப்படி வந்தது?

பதில்: திட்டம் போட்டு வந்ததில்லை. முதல் ஆல்பம் பதிவாகும் முன் பாஸ் வாசிச்ச லியான் வில்க்சன் விலகிட்டார். அந்த இடத்துக்கு வந்த எட் கிங் அடிப்படையில் கிட்டாரிஸ்ட். பதிவு முடிஞ்சதும் வில்க்சன் திரும்பி வர, கிங் கிட்டாருக்கு மாறினார். 1973இல் வந்த அந்த ஆல்பத்தின் அட்டையில் வில்க்சன் நிற்கிறார்; உள்ளே கேட்கும் பாஸ் பெரும்பாலும் கிங்குடையது. அட்டையை நம்பாதீங்க, பதிவான தேதியைப் பாருங்க.

மூணு பேரையும் காதால் பிரிக்கணும்னா, கிட்டார் மாடலைப் பாருங்க: கிங் ஸ்ட்ராட்டோகாஸ்டர், மெல்லிய கணீர் ஒலி. கேரி ராஸிங்டன் லெஸ் பால், கனமா இழுக்கும். ஆலன் காலின்ஸ் ஃபயர்பேர்ட், வேகம் அவருடையது. 'ஃப்ரீ பேர்ட்' பாட்டில் ஸ்லைடு (கம்பி மேல் குழாயை வழுக்கி வாசிக்கிறது) ராஸிங்டன். கடைசி நீண்ட சோலோ காலின்ஸ் மட்டுமே, தான் வாசிச்சதுக்கு மேலேயே இன்னொரு தடவை வாசிச்சுச் சேர்த்தது. 1975இல் டூர் நடுவே கிங் கிளம்பிட்டார். 1976இல் ஸ்டீவ் கெய்ன்ஸ் சேர்ந்த பிறகுதான் மறுபடி மூணு கிட்டார்.

கேள்வி: ஸ்கினர்ட் குழு போன விமானம் தீப்பிடிச்சா விழுந்தது?

பதில்: இல்லை, எரிபொருள் தீர்ந்துபோச்சு. 1977 அக்டோபர் 20, கிரீன்வில்லிலிருந்து பேட்டன் ரூஜ் போகும் கான்வேர் விமானம், மிசிசிப்பியில் கில்ஸ்பர்க் பக்கம் காட்டில் விழுந்தது. விமானிகள் எரிபொருள் அளவைக் கவனிக்கலைன்னு விசாரணை அறிக்கை சொல்லுது. இறந்தது ஆறு பேர்: பாடகர் ரானி வான் ஸான்ட், ஸ்டீவ் கெய்ன்ஸ், அவர் அக்கா கேஸி, உதவி மேலாளர் ஒருவர், விமானிகள் இருவர். மூணு நாள் முன்னாடி வந்த ஆல்பத்தின் அட்டையில் தீ ஜுவாலை இருந்தது, பிறகு மாத்தினாங்க.

கேள்வி: 1978இல் ஸ்கினர்டோட ஒரு ஆல்பம் வந்ததே, அது விபத்துக்குப் பிறகு பதிவு செய்ததா?

பதில்: அட்டையில் உள்ள வருஷத்தை நம்பாதீங்கன்னு இப்போதான் சொன்னேன். 1971, 72இல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் பதிவானது. சில பாட்டில் டிரம்ஸ் ரிக்கி மெட்லாக்.

கேள்வி: ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் டுவேன் ஆல்மன் ஸ்கினர்டில் இருந்தாரா?

பதில்: இல்லை.

கேள்வி: ராஸிங்டன் 2023இல் இறந்துட்டார். இப்போ மேடை ஏறுறது ஸ்கினர்டா, நகல் குழுவா?

பதில்: வாங்க, இதுக்குத்தான் காத்திருந்தேன். 1987இல் ரானியின் தம்பி ஜானியை வைத்து மறுபடி சேர்ந்தாங்க. ரானியின் மனைவி வழக்குப் போட்டார். விபத்துக்கு முந்தைய உறுப்பினர்களில் மூணு பேராவது இருந்தால்தான் ஸ்கினர்ட் பெயர் என்று ஏற்பாடாச்சு. 2001இல் வில்க்சன், 2009இல் பியானோ பில்லி பவல், கடைசியா ராஸிங்டன் இறந்தாங்க. விபத்துக்கு முந்தைய ஆட்களில் குழுவில் மிச்சம் மெட்லாக் ஒருத்தர். அவரும் 1973 முதல் 77 வரை வந்த எந்த ஆல்பத்திலும் இல்லை.

முன்பு கேட்டவர்: பாட்டு உயிரோட இருந்தா போதாதா? ஆல்மன் பிரதர்ஸும் ஆளை மாத்திக்கிட்டே இருந்தாங்களே!

பதில்: மாத்தினாங்க, ஆனா எப்படின்னு பாருங்க. 1971 அக்டோபரில் ஜார்ஜியாவின் மேகனில் பைக் விபத்தில் டுவேன் போனார். அடுத்த வருஷம் நவம்பரில் அதே ஊரில், சில தெருக்கள் தள்ளி, பாஸிஸ்ட் பெர்ரி ஓக்லியும் அப்படியே போனார். டுவேன் இடத்துக்கு உடனே கிட்டாரிஸ்ட் தேடலை. சக் லெவெல் பியானோவோட வந்தார், ஒலியே மாறிச்சு. 2000இல் கிட்டாரிஸ்ட் டிக்கி பெட்ஸை அனுப்பிய பிறகும் டுவேனின் தம்பி கிரெக், புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ மூணு நிறுவனர்கள் மேடையில். 2014இல் கிட்டாரிஸ்ட்கள் வாரன் ஹெய்ன்ஸும் டெரெக் டிரக்ஸும் விலகப்போறதா சொன்னதும், மூணு பேரும் இருக்கும்போதே அக்டோபர் 28இல் நியூயார்க் பீக்கன் தியேட்டரில் கடையைக் கட்டினாங்க. பெயரோட எப்போ நிறுத்தணும்னு தெரிஞ்சவங்க.

இன்னொருவர்: இப்போ ஸ்கினர்டில் பழைய ஆட்கள் இல்லைன்னு டிக்கெட் வாங்குறவங்களுக்குத் தெரியும், ஏமாறலை.

பதில்: தெரிஞ்சு வாங்கினா எனக்கு ஆட்சேபணை இல்லை. போஸ்டரில் 1973 போட்டோ போடாதவரை.

கேள்வி: ஸ்கினர்டோட 'ஸ்வீட் ஹோம் அலபாமா' பாட்டுக்குக் கிட்டார் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) என்ன?

பதில்: டி, சி, ஜி. தொடக்கத்தில் எண்ணுற குரல் எட் கிங்குடையது. அது டி ஸ்கேலா ஜி ஸ்கேலான்னு சண்டை போட இங்கே வராதீங்க.