திராட்சை மது ஊறிய பீப்பாயில் ஐரிஷ் விஸ்கி

கேள்வி: டப்ளினில் பணிபுரியும் என் தம்பி மகன், விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ‘கிரீன் ஸ்பாட் ஷாட்டோ லியோவில் பார்ட்டன்’ என்னும் ஐரிஷ் விஸ்கிப் புட்டி ஒன்றைத் தந்து சென்றான். பிரான்ஸின் போர்டோ பகுதி ஒயின் இருந்த பீப்பாயில் இறுதியாக வைக்கப்பட்டது என்கிறான். அப்படியானால் இதில் ஒயின் கலந்திருக்கிறதா? எப்படிச் சுவைப்பது? பரணில் படுக்கவைத்திருக்கிறேன், அது சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: ஒயினைத் தனியே ஊற்றிக் கலப்பதில்லை. வெட்டிவேர் போட்டுவைத்த மண்பானையில், வேரை எடுத்துவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாலும் மணம் இருக்குமல்லவா, ஏறக்குறைய அதுதான் இங்கும் நடக்கிறது. ஒயின் இருந்த காலத்தில் ஓக் பலகைக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊறிப்போனதை, பின்னால் வரும் விஸ்கி மெல்ல மெல்ல வெளியே இழுத்துக்கொள்கிறது.

ஐரிஷ் விஸ்கி என்ற பெயரைப் பெற வேண்டுமானால், அயர்லாந்துத் தீவிலேயே மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருந்தாக வேண்டும். உங்கள் புட்டியில் உள்ளது முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத பார்லியையும் சேர்த்துச் செப்புக் கொப்பரையில் வடித்த வகை. முன்னொரு காலத்தில் முளைகட்டிய தானியத்துக்கு வரி விதிக்கப்பட்டதால் வளர்ந்த வழக்கம் இது. (வரி போட்டதால் சுவை கூடியதாக நானறிந்த ஒரே கதை.) முதலில் அமெரிக்க போர்பன் விஸ்கியும் ஸ்பெயினின் ஷெர்ரி ஒயினும் இருந்த பீப்பாய்களில் முதிர்ந்து, அதன்பின் ஓராண்டுக்குக் குறையாமல் போர்டோ பீப்பாயில் தங்குகிறது. அந்தப் பீப்பாய் வந்த லியோவில் பார்ட்டன் ஒயின் தோட்டத்தின் பெயரிலேயே அயர்லாந்து இருக்கிறது: அயர்லாந்திலிருந்து சென்று 1725 இல் போர்டோவில் ஒயின் வணிகம் தொடங்கிய தாமஸ் பார்ட்டனின் வழிவந்தவர்களே, 1826 முதல் லியோவில் தோட்டத்தில் தமக்கென ஒரு பங்கை வைத்திருக்கிறார்கள்.

இனிச் சுவைப்பது. வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் 30 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். ஐஸும் சோடாவும் வேண்டாம். காரமான மிக்சரும் வேண்டாம். கொழுந்து வெற்றிலைக்குப் பேர்போன ஊர்க்காரரிடம் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தாம்பூலம் தரித்த வாயோடு இதைத் தொடவே தொடாதீர்கள். மூக்கைக் குவளைக்குள் விடாமல் விளிம்பருகே வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹாலின் நெடி குத்தாது. சிறு மிடறு ஒன்றை நாக்கின்மேல் சில நொடிகள் உலவவிட்டால் முதலில் வெனிலாவும் தேனும், பிறகு சுக்கும் கிராம்பும் போன்றதொரு காரமும் தெரியும். இவை தானியமும் போர்பன் பீப்பாயும் தந்தவை. விழுங்கிய பிறகு, நாவல்பழம் தின்றாற்போல நாக்கை லேசாகப் பிடிக்கும் துவர்ப்பு ஒன்று வரும். அதுவே ஒயின் பீப்பாயின் பங்கு. இவ்வகை விஸ்கியைப் பலரும் பழ இனிப்பை வைத்தே புகழ்கிறார்கள். என் கணிப்பில் துவர்ப்புதான் உரைகல். அது பார்லியின் சுவையை மூடிவிட்டால் பீப்பாயில் அளவுக்கு மீறி வைத்துவிட்டார்கள் என்று பொருள். இந்தப் புட்டியில் அந்தக் குறையை நான் காணவில்லை. 46 விழுக்காடு ஆல்கஹால் என்பதால், இரண்டாவது மிடறுக்கு முன் நான்கைந்து துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், பழவாசனை மேலெழும்.

பரணிலிருந்து உடனே இறக்கி நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைப்பது ஒயினுக்கு உரிய முறை. விஸ்கியின் வீரியம் தக்கையை அரித்துவிடும். புட்டிக்குள் அது மேலும் முதிர்வதுமில்லை. சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழ்ப் பரண் எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? வெளிச்சம் படாத மர அலமாரியின் கீழ்த்தட்டே போதும்.