கேம்பிரிட்ஜில் ஒன்பது மணிச் சாப்பாடு

கேள்வி: மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக ஜூன் கடைசியில் கேம்பிரிட்ஜ் போகிறோம். ஒரு வாரம் தங்குவோம். என் கணவர் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். இரவு ஒன்பது மணிக்கு முன் சாப்பிட உட்காரவும் மாட்டார். இருவருக்கும் நடக்கப் பிடிக்கும். எங்கே சாப்பிடலாம், எங்கே நடக்கலாம்?
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அந்த ஒன்பது மணிதான் சிக்கல், சகோதரி. நம் ஊரில் நள்ளிரவிலும் பரோட்டாக் கல் சூடாக இருக்கும். அங்கே பல பப்களில் ஒன்பது மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். தேநீர்க் கடைகள் மாலையிலேயே மூடிவிடும். ஆனால் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டிவிடும். அந்த வெளிச்சத்தை உணவகம் தேடி வீணாக்காதீர்கள். சமையலறை உள்ள தங்குமிடமாக எடுங்கள். மதியம் வெளியில் சாப்பிடுங்கள், மாலையில் நடங்கள், திரும்பி வந்து ரசம் வையுங்கள். மில் ரோட்டில் உள்ள ஆசியக் கடைகளில் அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும். 1914இல் டிரினிட்டி கல்லூரிக்கு வந்த ராமானுஜனும் தம் அறையில் தாமே சமைத்துத்தான் சாப்பிட்டார். அவர் காலத்தில் உலகப்போர் வேறு, காய்கறிக்கே திண்டாட்டம்.

மதியத்துக்கு நான் நம்புவது தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கு. நடுவில் பிளந்து, வெண்ணெய் வைத்து, மேலே தக்காளிச் சாறில் வெந்த பீன்ஸை ஊற்றித் தருவார்கள். பார்க்க ஏழைச் சாப்பாடு, பசிக்கு அருமை. சிப்ஸ் வாங்கும்முன் மீன் பொரித்த எண்ணெயா என்று கேளுங்கள். உஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி உண்டு. உணவுப் பட்டியலில் சைவக் குறியாக 'வி' என்று போட்டிருந்தாலும் முட்டை இருக்கலாம்; பாலும் முட்டையும் சேராத 'வீகன்' என்று கேட்பதே உங்கள் கணவருக்கு நல்லது.

டிரம்பிங்டன் ஸ்ட்ரீட்டில் 1920 முதல் இருக்கும் ஃபிட்ஸ்பில்லீஸில் செல்சி பன் வாங்குங்கள். சுருட்டிய மாவுக்குள் உலர்திராட்சை, மேலே விரலை விடாமல் ஒட்டும் பாகு. இருவருக்கு ஒன்று போதும். அவருக்குக் கொடுக்கும்முன் முட்டை சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே தெருவில் உள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். நம் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ சட்டம் படித்த ஃபிட்ஸ்வில்லியம் ஹவுஸ் அந்நாளில் அதற்கு எதிரேதான் இருந்தது.

நடைக்கு நான் சொல்வது ஒரே பாதை: நியூன்ஹாமிலிருந்து கேம் ஆற்றை ஒட்டிய புல்வெளி வழியாக கிரான்செஸ்டர் கிராமம். நகரத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். மாடுகள் பாதையை மறித்து நிற்கும். அவை நகராது, நீங்கள்தான் சுற்றிப் போகவேண்டும். சேலையும் மெல்லிய செருப்பும் வேண்டாம், சாணம் எங்கே இருக்கும் என்று சொல்லமுடியாது. கம்பிக் கதவைக் கடந்தால் மறக்காமல் சாத்துங்கள். கிராமத்துத் தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் தேநீர் குடிக்க ஆசை என்றால் மட்டும் மதியமே கிளம்புங்கள். கல்லூரிகளுக்குள் இருக்கும் புல்தரை வேறு கதை. பெரும்பாலும் அங்கே கால் வைக்கும் உரிமை ஃபெலோக்கள் எனப்படும் கல்லூரியின் மூத்த அறிஞர்களுக்குத்தான்.

விழா நாளில் பல கல்லூரிகள் பெற்றோருக்கும் மதிய விருந்து வைக்கின்றன. பெயர் கொடுக்கும்போதே 'முட்டையும் கூடாது' என்று மகளை எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அன்று உங்கள் கணவர் சாலட் இலைகளோடுதான் படம் எடுத்துக்கொள்வார்.