ஆகஸ்ட் 15 பயணம்: கொடியேற்றம் முதல் குற்றாலம் வரை, டாக்டரம்மா பதில்கள்

ஆடி முடியப்போகும் நேரத்தில்தான் நமக்குச் சுதந்திர தினம் வருகிறது. காலையில் பிள்ளைகளோடு கொடியேற்றம். அது முடிந்ததும் வேனைப் பிடித்துக் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி, பாரதி பிறந்த எட்டயபுரம். அங்கே கரிசல் வெயில், காற்று, புழுதி. பொழுது சாயும்போது குற்றாலச் சாரல். ஒரே நாளில் இரண்டு சீதோஷ்ணம் என்பதால் அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அதிகம். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அவசியம் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

பாளையங்கோட்டை ஆசிரியை: டாக்டரம்மா, எங்க பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் கொடியேத்தும்போது ரெண்டு மூணு பிள்ளைங்க மயங்கி விழுது. பயமா இருக்கு.

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், டீச்சர். அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். விறைத்து நிற்கும் பிள்ளைக்கு அது நடப்பதில்லை. அதோடு, சீருடை போட்டுச் சீக்கிரம் வர வேண்டுமென்று வெறும் வயிற்றோடு கிளம்பியிருக்கும். என்ன சாப்பிட்டாய் என்று விழுந்த பிள்ளையைக் கேட்டால், பெரும்பாலும் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் சொல்லும்.

முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள்: இரண்டு இட்லியாவது, இல்லையென்றால் உப்புப் போட்ட நீராகாரமாவது குடித்துவிட்டு வர வேண்டும். கொடி வணக்கம் முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வையுங்கள். பேச வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பேசட்டும். நிற்கும் நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லலாம்.

விழுந்துவிட்டால் நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்து, காலை ஒரு அடி உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். நன்றாகத் தெளியும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஓரிரு நிமிஷத்தில் கண் திறக்கும். திறந்ததும் எழுப்பி நிறுத்தாதீர்கள், கொஞ்ச நேரம் கிடக்கட்டும். தெளியாவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ 108. கை கால் இழுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், அதனால் ஒரு பயனும் இல்லை.

மேலப்பாளையம்: நாலு வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போறோம். ஓஆர்எஸ் எப்படிக் கலக்கணும்? ஒரு டம்ளருக்கு எவ்வளவு?

டம்ளர் கணக்கே வேண்டாம். பெரிய பாக்கெட் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்ன பாக்கெட் என்றால் 200 மில்லிக்கு. அளவு பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். பெரிய பாக்கெட்டில் பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கினால் உப்புக் கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு மாற்று இல்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால்தான் இது அவசியம். வெறும் வியர்வைக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் போதும்.

மானூர்: பஸ்ல வாந்தி வருது.

முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், அதனால் வண்டி ஓட்டுகிறவர் போடக் கூடாது.

சங்கரன்கோவில் அண்ணாச்சி: எல்லாரும் பாஞ்சாலங்குறிச்சி, பாஞ்சாலங்குறிச்சின்னே போறீங்க. நெற்கட்டும்செவல் கண்ணுக்குத் தெரியலையா?

ஒட்டப்பிடாரம் தம்பி: தூக்குமேடை ஏறினவர் எங்க ஊர்ப்பக்கத்துக்காரர்தான் அண்ணாச்சி. கோட்டையும் இங்கதான் இருக்கு.

சங்கரன்கோவில் அண்ணாச்சி: அந்தக் கோட்டை 1974-ல கட்டினது தம்பி!

இது மருத்துவக் கேள்வி இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் சொல்வது சரி, அதனால் எழுதுகிறேன். 1755-இல் கர்னல் ஹெரானின் வெள்ளைக்காரப் படை பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. கட்டபொம்மன் பிறப்பதற்கு முந்திய கதை அது. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. இன்று பாஞ்சாலங்குறிச்சியில் நிற்பது நினைவுக் கோட்டை. பழையதை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான்.

ஆனால் தம்பி, நீங்கள் கட்டபொம்மனின் தம்பியான ஊமைத்துரையை விட்டுவிட்டீர்கள். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பி, இடித்த கோட்டையைச் சில நாளில் மண்ணால் மறுபடி எழுப்பியவர் அவர். மே மாதம் கோட்டை விழுந்தபோது காயம்பட்டுக் களத்தில் கிடந்தார். மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், சாகக் கிடந்த அந்த மகனே, 'என்னை விடு, சாமியைத் தூக்கு' என்றானாம். அவளும் உடன் வந்தவர்களும் ஊமைத்துரையைத் தூக்கிப்போனார்கள். வெள்ளைக்காரன் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும் துணியால் மூடி, அம்மையில் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். எதிர்ப்படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரியே இதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு தொற்றுநோயின் பயத்தையே கேடயமாகப் பிடித்த அந்தப் பெண்ணின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நெற்கட்டும்செவலுக்கும் போங்கள், அண்ணாச்சி கேட்பது நியாயம்.

கடையநல்லூர்: அப்போ மணியாச்சி? வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது 1911 ஜூன் 17...

ரயிலில் போனால் வழியிலேயே பார்க்கலாம். சரி, உடம்புக்குத் திரும்புவோம்.

தூத்துக்குடி: அப்பாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போடுறாங்க.

இன்சுலினை வண்டிக்குள் வைத்துவிட்டு இறங்காதீர்கள், பூட்டிய வண்டி அடுப்பாகிவிடும். ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானைக்குள் வைத்துக் கையோடு கொண்டுபோங்கள். ஐஸ் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. திடீர் வியர்வை, கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காலையும் பாருங்கள். பாஞ்சாலங்குறிச்சிச் சக்கதேவி கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உச்சிவெயிலில் நடப்பார், உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. ராத்திரிதான் கொப்புளம் கண்ணில் படும். காலையிலோ சாயங்காலமோ கூட்டிப்போங்கள்.

பேட்டை: ஓஆர்எஸ் எத்தனை டம்ளருக்கு ஒரு பாக்கெட்?

மேலே சொல்லிவிட்டேன். பெரிய பாக்கெட் ஒன்று, தண்ணீர் ஒரு லிட்டர்.

அம்பாசமுத்திரம்: வேனுக்கு என்ன சாப்பாடு கட்டலாம்?

புளியோதரை, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் ஊசிப்போகும்.

வள்ளியூர்: எனக்கு மூட்டுவலி, அருவியில நின்னா குறையுமா?

மூட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வழுக்குப் பாறையில் நிற்க வேண்டாம்.

ராதாபுரம்: குற்றாலத்துல போலீஸ் குளிக்க விடமாட்டேங்காங்க. வெயில்தானே அடிக்குது?

கீழே வெயிலடிக்கும், மேலே மலையில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் அருவிக்கு வரச் சில நிமிஷம் போதும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் வந்தால் யாரும் சொல்லுமுன் வெளியே வாருங்கள். தடை போட்டால் திரும்பிவிடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ராதாபுரம்: குரங்கு கடிச்சா? ரம்புட்டான் பையைப் பிடுங்க வருதே.

பையை விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும், அங்கே இலவசம். விடுமுறை நாள் என்றாலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும். தென்காசியில் முதல் ஊசி போட்டுக்கொண்டு, அந்தச் சீட்டைக் காட்டி மிச்சத்தை உங்கள் ஊரிலேயே போடலாம்.