நான்கு அடித் தொட்டியில் ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், ஜாகுவார், கிரீன் டெரர் என்ற நான்கு அலங்கார மீன்களையும் சேர்த்து வளர்க்க முடியுமா?

முடியாது. ஃபிளவர்ஹார்னை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். வேறு தொட்டி இல்லையென்றால் கண்ணாடியோ துளையிட்ட பிளாஸ்டிக் தட்டியோ வைத்து நடுவில் தடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் பிறகு யோசிக்கலாம்.

சில மாதங்கள் ஒற்றுமையாக இருந்த மீன்கள் திடீரென்று குணம் மாறிவிட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். அவை வளர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். சென்னை கொளத்தூர் மீன்கடைகளில் இவற்றை இரண்டு அங்குலக் குஞ்சுகளாகத்தான் விற்கிறார்கள். அந்த அளவில் பத்துக் குஞ்சுகளைப் போட்டாலும் கூட்டமாகத் திரியும். நான்கைந்து அங்குலம் வந்ததும் ஒவ்வொன்றும் தரையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டத் தொடங்கும். இந்த நான்கும் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பது அந்தக் குடும்பத்தின் பிறவிக்குணம்; அதற்குத்தான் இந்த இடப்பிடிப்பு. நம் ஏரிகளில் ஜிலேபி மீன் தரையில் குழி பறித்து, அருகில் வரும் இன்னொரு ஆணைத் துரத்துவதும் இனப்பெருக்கத்துக்கான இடப்பிடிப்புதான். அதுவும் சிக்லிட்தான்.

ஏரியில் தோற்ற மீன் ஓடிவிடும்; ஜெயித்தது திரும்பிவிடும். தொட்டியில் தோற்றது கண்ணிலிருந்து மறைவதே இல்லை, அதனால் துரத்தல் நிற்பதுமில்லை. இப்படிச் சேர்த்து வளர்க்கும் தொட்டிகளில் மீன்கள் சாவதற்கு இதுதான் மூலம் என்பது என் உறுதியான எண்ணம். கணக்கையும் பாருங்கள். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி, ஏறக்குறைய 255 லிட்டர். ஆஸ்கர் மட்டுமே ஓர் அடி வளரும். ஜாகுவார் ஆண் அதற்குக் குறையாது. அந்த அகலத்தில் அவை வசதியாகத் திரும்பக்கூட முடியாது.

இனவாரியாகச் சொல்கிறேன். ஃபிளவர்ஹார்ன் காட்டில் பிறந்த இனமே அல்ல. மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கியது. தலைமேட்டையும் நிறத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தே பெருக்கினார்கள். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் கையைக்கூடத் தாக்க வரும். அதற்குத் தனித்தொட்டிதான். ஜாகுவார், மீனையே இரையாகத் தின்று வளரும் வேட்டை மீன். வளர்ந்த பிறகு அதையும் தனியாக வைப்பதுதான் நல்லது. கிரீன் டெரர் ஈக்வடார், பெரு பக்கத்து மீன். பெரும்பாலும் எட்டு அங்குலத்தைச் சுற்றித்தான் நிற்கும், ஆனால் துணிச்சல் அதிகம்.

ஆஸ்கரைப் பற்றித்தான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். உடல் பெரிது, வாய் பெரிது. அதனால் பெரிய சண்டைக்காரன் என்று எண்ணிவிடுகிறார்கள். வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கும், அது உண்மை. ஆனால் ஃபிளவர்ஹார்ன், ஜாகுவார் போன்ற மத்திய அமெரிக்க மீன்களோடு மோதினால் பெரும்பாலும் அடிவாங்குவது ஆஸ்கர்தான். உங்கள் தொட்டியில் முதலில் போகக்கூடியதும் அதுதான் என்று அஞ்சுகிறேன்.

சேர்த்து வளர்த்தே ஆகவேண்டும் என்றால் ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரத் தொட்டிக்குப் போங்கள். ஏறக்குறைய 680 லிட்டர். அதில் ஓர் ஆஸ்கர், ஒரு செவரம் (சற்றுச் சாதுவான இன்னொரு சிக்லிட்), ஆறேழு சில்வர் டாலர் (கூட்டமாக நீந்தும் தட்டை மீன்). இடத்தைப் பார்த்து கிரீன் டெரரையும் சேர்க்கலாம். சில்வர் டாலரை அழகுக்காகச் சொல்லவில்லை. நடுநீரில் பயமில்லாமல் நீந்தும் கூட்டம் இருந்தால் சிக்லிட்கள் பதற்றம் தணியும். கவனமும் ஒரே எதிரியின் மேல் குவியாது. ஆஸ்கரின் வாய்க்குள் போகாத அளவில் வாங்குங்கள்.

பெரிய மரவேர், பாறைகளை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி பார்வையை மறையுங்கள். பாறையை மணல்மேல் அல்ல, அடிக்கண்ணாடியில் நேராக அமர்த்துங்கள்; இவை மணலைத் தோண்டும், பாறை சரிந்தால் கண்ணாடி உடையும். புது மீனை விடும் நாளில் எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழையது பிடித்து வைத்திருந்த எல்லை கலைந்துவிடும்.

நிறைய மீனைப் போட்டு நெருக்கினால் சண்டை குறையும் என்று சிலர் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் சிறு பாறை மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஓர் அடி மீன்களுக்குப் பொருந்தாது. கழிவு அம்மோனியாவாகிக் கொன்றுவிடும். நல்ல கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் பெரிய வடிகட்டி), வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றம், இரண்டும் கட்டாயம். குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை நீக்கியபின் விடுங்கள். தீனிக்கு உயிருள்ள தங்கமீன் வேண்டாம், நோய்தான் வரும், பெல்லட் என்ற உருண்டைத் தீனி போதும்.

ஆண், பெண் ஜோடி சேர்ந்துவிட்டால் இந்தத் திட்டம் எதுவும் நிற்காது. முட்டையிட்டதும் பாதித் தொட்டியை அவை பிடித்துக்கொள்ளும். ஒரு கல்லை இரண்டு மீன்கள் சேர்ந்து கொத்திச் சுத்தம் செய்வதைப் பார்த்தால் அன்றே பிரியுங்கள். நிறம் கறுத்து, ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, தீனிக்கு வராத மீன் இருந்தால் காயம் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே வெளியே எடுங்கள். இடமில்லாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், வளர்ந்த மீனைப் பலர் எடுத்துக்கொள்வார்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள். 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்த ஜிலேபி மீனே நாட்டு மீன்களின் இடத்தை நிறையப் பிடித்துக்கொண்டது.