ஊசி வைக்க முதல்: ஜாஸ் கேள்வி-பதில்

"தவில் கேட்கவெண்டே விடிய விடியத் திருவிழாவில நிக்கிற ஆள் நான். ஜாஸ் ஒண்டும் தெரியாது. முதல்ல வாங்கவேண்டிய பத்து ரெக்கோட் சொல்லுங்கோ." – மல்லாவி

பத்து வேண்டாம், மூன்று போதும். தவில் காதுக்கு முதலில் டேவ் புருபெக் குழுவின் 'டைம் அவுட்' (1959). அதிலுள்ள 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் போவது. குழுவின் சக்ஸபோன்காரர் போல் டெஸ்மண்ட் இயற்றியது. கண்டசாபு தெரியும் என்று கை போடப் போனால் இடறும். நாங்கள் இரண்டும் மூன்றுமாகப் போடுவதை அவர்கள் மூன்றும் இரண்டுமாகப் பிரிக்கிறார்கள். பிடிபட்டதும் நடுவில் வரும் ட்ரம்ஸ் தனியைக் கேளுங்கள். பியானோ அந்த ஐந்தை விடாமல் போட்டுக்கொண்டிருக்கும். ஜோ மொரெல்லோ அதன்மேல் நினைத்த இடத்துக்கெல்லாம் போய்வருவார். தனிக்குத் தாளம் போடுகிற ஆள் அங்கே பியானோக்காரர்! அதே தட்டில் 'ப்ளூ ரொண்டோ' ஒன்பது: மூன்று இரண்டும் ஒரு மூன்றும். 1958இல் போன நீண்ட பயணத்தில் துருக்கித் தெருவில் கேட்டுப் பிடித்த நடை அது. அந்தப் பயணத்தில் புருபெக் இலங்கைக்கும் வந்தவர்.

அடுத்தது ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் ப்ளூ'. 1959இல் இரண்டே நாளில் பதிந்த தட்டு. அதன் முதல் உருப்படியில் பதினாறு வட்டணைக்கு ஒரே சுர வரிசை, பிறகு எட்டு வட்டணைக்கு அரைச்சுரம் மேலே, திரும்பவும் பழைய இடம். அவ்வளவுதான். ஆலாபனை கேட்டுப் பழகிய ஆளுக்கு அந்த அவசரமில்லாத நடை உடனே பிடிக்கும். ஆனால் ராகம் தேடவேண்டாம், கமகத்தைக் காணவில்லை என்று குறைப்படவும் வேண்டாம்.

மூன்றாவது, ஜோன் கொல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9இல் பதிந்தது. அதன் கடைசிப் பகுதியில், உறையில் அச்சிட்ட தன் பிரார்த்தனைக் கவிதையைக் கொல்ட்ரேன் சொல் சொல்லாகச் சக்ஸபோனில் வாசிக்கிறார். பாடுவதில்லை, கட்டுத் தாளமும் இல்லை. நாதஸ்வரத்தில் தேவாரம் போகும்போது வரி தானாகவே வாயில் வருகிறதல்லவா, அதுதான் இது.

"ரொறன்ரோவில இருந்து மாமா தன்ர பழைய பிளேயரைக் கொண்டுவந்து தந்தவர். ட்ரான்ஸ்ஃபோமர் போட்டும் பாட்டு இழுபடுது. ஊசி பழுதோ?" – பரந்தன்

ஊசியில் கை வைக்காதீர்கள். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேட்ஸ். இங்கே 230, 50. ஹேட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை தரம் மாறிமாறி ஓடுகிறது என்ற கணக்கு. ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைக் குறைக்கும், ஹேட்ஸை மாற்றாது. அந்தக் காலத்து ஏசி மோட்டர்களில் பல, ஹேட்ஸ் எவ்வளவோ அந்த வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேகால் சொச்சம் சுற்றவேண்டிய தட்டு, இருபத்தெட்டுக்கும் குறைவாகச் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரம் கீழே போய்விடும். ஆண் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்குமே? மோட்டர் தண்டில் பட்டி ஓடுகிற சின்னக் கப்பியை 50 ஹேட்ஸுக்கு உரிய, சற்றுப் பருத்த கப்பியாக மாற்றவேண்டும். சில பிளேயர்களில் இரண்டுக்கும் இடம் வைத்திருப்பார்கள், சுழலும் தட்டைத் தூக்கிப் பாருங்கள். அடப்டரில் ஓடுகிற புதிய டிசி மோட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 'கைண்ட் ஒஃப் ப்ளூ' முதல் பக்கத்தைப் பதிந்த டேப் மெஷின் மெதுவாக ஓடியதால், அதைச் சரியான வேகத்தில் போட்டபோது தட்டில் சுருதி கொஞ்சம் ஏறிவிட்டது. 1992 மறுபதிப்பில்தான் திருத்தினார்கள்.

"எங்கட வீட்டில மூண்டு தலைமுறையா நாதஸ்வரம். ஜாஸில எங்களுக்கு என்ன இருக்கு?" – முள்ளியவளை

கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' (2008). இரண்டு சக்ஸபோன்: ஒன்று கர்நாடகம், ஒன்று ஜாஸ். இசைத்தட்டுத்தான் வேண்டும் என்று அலையவேண்டாம், சீடீயில் கேட்டாலும் போதும். பிறகு, ஜாஸ் கித்தார்க்காரர் ஜோன் மக்லொக்லின் எங்கள் பக்கத்து இசைக்காரரோடு சேர்ந்து வாசித்த சக்தி குழுவின் முதல் தட்டு, 1976இல் வந்தது. அதில் கடம் விக்கு விநாயகராம், வயலின் எல். சங்கர், தகப்பன் யாழ்ப்பாணத்தில் இசை படிப்பித்த காலத்தில் இங்கே வளர்ந்த பிள்ளை. 1958 கலவரத்தோடு அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது.

"பழைய முதல் பதிப்புத்தான் நல்லதாம், உண்மையோ?" – வவுனியா

உங்களிடம் காசு கூடிப்போய்க் கிடந்தால். கீறல் விழுந்த முதல் பதிப்பைவிடச் சுத்தமான மறுபதிப்பு எனக்கு எப்போதும் மேல்.

"தகரக் கூரை வீடு. தட்டுகள் நெளியுது." – ஒட்டுசுட்டான்

படுக்க அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். கூரைக்குக் கிட்டவுள்ள அலுமாரி மேல்தட்டு வேண்டாம், நிலத்தோடு ஒட்டிய அலுமாரிக் கீழ்த்தட்டு நல்லது. வெயிலில் நிற்கிற வானுக்குள் ஒரு மத்தியானம் விட்டாலும் அப்பளம்தான். எங்கள் செம்மண் புழுதிக்கு ஈரத்துணி போடவேண்டாம், சேறாகிப் பள்ளத்துக்குள் போகும். முதலில் மெல்லிய தூரிகை.

"பிளேயர் இல்லை. போனில கேட்டால் அது கேள்வியோ?" – புதுக்குடியிருப்பு

ஏன் இல்லை? நான் 'டேக் ஃபைவ்' முதலில் கேட்டது போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம். பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தம்பி பெடலைச் சுற்ற, டைனமோ வயரில் கசெற் ஓடியது. அவனுக்குக் கை உழைய உழையச் சக்ஸபோன் தளர்ந்து இறங்கும். "சுத்தடா" என்று கத்தினால் துள்ளி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் டெஸ்மண்ட் வேணுமென்றே வாசிப்பதாக்கும் என்று கனகாலம் நினைத்திருந்தேன். பிறகு கொழும்பில் சரியான வேகத்தில் கேட்டபோது, எனக்கு என்னவோ குறைந்த மாதிரித்தான் இருந்தது.